அவசரம் இல்லை

புத்தூர், 18-2-1959

இன்று மூன்றாம் பீரியடில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே மூச்சிழுப்பு வந்துவிட்டது. செய்யுளைப் பாதியில் விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தமிழ்ப் பண்டிதருக்கே தமிழ் வாயில் வரவில்லை என்றால் அவர்களுக்கும் கூச்சமாகத்தானே இருக்கும்.

டிரில் மாஸ்டர் நாகபூஷணம் ஓடி வந்து முதுகை நிமிர்த்தி உட்காரவைத்தார். தெனாலிப் பக்கத்து மனிதர், என் வயதுதான் இருக்கும். இங்கே மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "குனிய வேண்டா பண்டிதர்காரு. மெல்லகா... மெல்லகா விடுங்க" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். இருபது வருஷமாக யோகாசனம் செய்கிறாராம். சரீரம், மனசு, ஆத்மா மூன்றுக்கும் நல்லதாம். காலையில் வீட்டுக்கு வாருங்கள், சொல்லித்தருகிறேன் என்றார்.

ஆத்மா கிடக்கட்டும். எனக்கு ஒரு மேடு ஏற முடிந்தால் போதும்.

20-2-1959

எந்த மேடு என்று எழுதிவிடுகிறேன். எழுதாமல் தள்ளிக்கொண்டே போகிறேன்.

மகள் சுந்தரிக்கு நாலு வயது எட்டு மாதம். ஜனவரி ஒன்பதாம் தேதி விடியும்போது அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வண்டி கிடைக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி மேட்டில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. உட்கார்ந்தேன். எழுந்து நாலடி வைத்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். பெற்றவள் தாட்சாயணி குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பால் தெளித்த மறுநாள் தாட்சாயணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீ ரெண்டு தபா குந்தின."

கத்தவில்லை, அழவில்லை. அவள் அண்ணன் தாமோதரன் வந்து திருத்தணிக்கு அழைத்துப் போய்விட்டான்.

ரெண்டு தபா. எண்ணி வைத்திருக்கிறாள். நான் மட்டும் எண்ணவில்லையா?

1-3-1959

போனேன். நாகபூஷணம் சம்மணம் போடச் சொன்னால் என் முட்டி இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். எனக்கும் என் கால் விரலுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மனிதர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்த கையோடு என் மேலேயே கோபம் வந்தது.

கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பை விட்டுவிடுங்கள், இது சவாசனம் என்றார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். எல்லாம் செய்கிறேன், இதை மட்டும் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படிப் படுத்திருந்ததை ஒரு முறை பார்த்தாயிற்று. போதும்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

24-3-1959

நேற்று நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம்.

7-5-1959

நாகபூஷணத்துக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மூச்சுக்கு மூச்சு தெலுங்கு போட்டுத்தான் தமிழ் பேசுகிறார், ஆனால் கற்கும் ஆசை உண்மையானது. சின்ன நோட்டு ஒன்று எப்போதும் சட்டைப்பையில்.

இன்று நடந்த கூத்து இது. பால்காரி செங்கம்மாவிடம் காலையில் "இன்னிக்கி பாலு அவசரம் இல்லை" என்றிருக்கிறார். தெலுங்கில் அவசரம் என்றால் வேண்டியது, தேவையானது. பால் வேண்டாம் என்கிறார் பாவம். அவள், "அவசரம் இல்லன்னா சாயங்காலமா கொணாந்து ஊத்தறேன் சார்" என்று போய்விட்டாள். சொன்னபடி சாயங்காலம் இரண்டு படி பாலோடு வந்து நின்றாள்.

"அங்கே 'தேவை இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். "அவசரம் என்றால் தேவை" என்று நோட்டில் தெலுங்கு எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

19-6-1959

உடம்பு சொன்னபடி கேட்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காலையில் அரை மணி ஆசனம், கால் மணி மூச்சு. பன்னிரண்டு நாளாக இழுப்பு இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை டப்பாவில் அப்படியே கிடக்கிறது.

மனசும் கொஞ்சம். வகுப்பில் ஒருத்தன் கரும்பலகையில் 'தமிழ் பண்டிதர் திருத்தணிக்குப் போ' என்று தெலுங்கில் எழுதி வைத்திருந்தான். ஆந்திரா-சென்னை எல்லைத் தகராறு பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. போன வருஷமாயிருந்தால் பிரம்பு ஒடிந்திருக்கும். இன்று அதில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் மேட்டுக்குப் போனேன். பாதி ஏறினேன். முதலில் உட்கார்ந்த இடம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. மூச்சு நன்றாகத்தான் இருந்தது. கால்தான் போகவில்லை.

26-7-1959

தாமோதரனிடமிருந்து கார்டு. "ஆடி முடிந்ததும் தாட்சாயணி புத்தூருக்கு வரட்டுமா என்று கேட்கச் சொல்கிறாள். மாப்பிள்ளை பதில் சொல்லவும்."

எத்தனை தடவை படித்தேன்! வரட்டுமா என்று அவளாகக் கேட்டிருக்கிறாள்!

எடுத்த எடுப்பில் "உடனே வா" என்று எழுத உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு யோசனை. இன்னும் மூன்று மாதம் போகட்டும். மேட்டை முழுசாக ஏறிவிட்டு, நானே திருத்தணிக்குப் போய் அவளை அழைத்துவர வேண்டும். அவள் வாயால் நல்லாயிட்ட என்று சொல்ல வேண்டும். அதற்குள் அவள் மனசும் ஆறட்டும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் உதவி செய்ய நாகபூஷணம் பள்ளிக்கூட சாரணர்களைத் திருத்தணிக்கு அழைத்துப் போகிறார். அவரிடமே சொல்லி அனுப்பினேன். "வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவசரம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்." அதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருந்தது. பெண்டாட்டிக்கு இன்னொரு ஆண்பிள்ளையிடம் எவ்வளவுதான் சொல்லி அனுப்புவது?

31-7-1959

நாகபூஷணம் வந்துவிட்டார். பார்த்தாராம், சொன்னாராம். "சுத்த தமிழ்ல சொன்னேன் பண்டிதர்காரு" என்று பெருமை வேறு. என்ன சொன்னாள் என்றேன். "ஏமி சொல்லலை. சரி என்றது. மோர் கொடுத்தது."

சரி என்றாளாம். அது போதும்.

20-9-1959

ஆவணியும் போயிற்று. கார்டு இல்லை. மேட்டில் முக்கால்வாசி ஏறுகிறேன்.

5-11-1959

தீபாவளிக்கு முன்பே எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. என்ன தப்பாக எழுதிவிட்டேன்? உடம்பு தேவலை, ஆசனம் பழகுகிறேன் என்றுதானே எழுதினேன்.

கோபமா? அப்படியே இருக்கட்டும். எனக்கு மட்டும் கோபம் இல்லையா?

22-11-1959

நேற்று நாகபூஷணத்தோடு திருமலை. பஸ் வேண்டாம், அலிபிரியிலிருந்து நடந்தே போகலாம் என்றேன். முழங்கால் முறிச்சான் படிகளில் சின்னப் பையன்களே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள். நான் நிற்காமல் ஏறினேன். உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும் படிக்குப் படி ஒழுங்காக இருந்தன. இந்த உடம்பு என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

மேலே முடி இறக்கும் இடத்தைத் தாண்டும்போது ஒரு குழந்தை வீறிட்டது. சுந்தரிக்கும் அங்கேதான் முதல் முடி இறக்கினோம். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டு தாட்சாயணி, "உன் மொகத்த அப்பிடியே உரிச்சி வெச்சிருக்கு பாரு" என்றாள். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு பெருமை.

"இங்கே வந்தால் ஆத்மாவுக்கு சாந்தி" என்றார் நாகபூஷணம். நான் வரிசையில் போய் நின்றேன்.

9-1-1960

மேட்டை ஏறிவிட்டேன். எங்கும் உட்காரவில்லை.

கையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத கையோடு யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் மல்லாந்து படுத்தேன். கை, கால், வயிறு என்று ஒவ்வொன்றாக விட்டேன். தொண்டைக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷத்து அழுகை. சுந்தரி, சுந்தரி என்று கூப்பிட்டுக்கொண்டே அழுதேன். இழுப்பு வந்து நெஞ்சை அடைக்கவில்லை. அழுது முடித்தும் மூச்சு இருந்தது. இதைத்தான் அந்த மனிதர் ஆத்மா என்கிறாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் திருத்தணிக்குப் போக வேண்டும்.

போகமாட்டேன் என்று எனக்கே தெரியும். பதிலே போடாதவளிடம் எந்த முகத்தோடு போவது?

15-3-1960

இன்றே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது. புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறது. அதையொட்டி ஹெட்மாஸ்டர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், தெலுங்கில். இரண்டாவது தமிழ்ப் பண்டிதர் அவசரம் லேது. அந்த இரண்டாவது பண்டிதர் நான்தான். சின்ன வகுப்புக்குப் போகலாம், இல்லையென்றால் திருத்தணிப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக்கொடுக்கலாம்.

ஆசிரியர் அறையில் நான் வேடிக்கைக்குச் சொன்னேன். "அவசரம் இல்லையாம் மாஸ்டர். தமிழ்க் கணக்குப்படி நான் நிதானமாகப் போனால் போதும். இன்னும் பத்து வருஷம் இங்கேயே இருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நாகபூஷணம் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"பண்டிதர்காரு... தமிழ்ல அவசரம் இல்லை என்றால்... நிதானமா என்றா?"

"ஆமாம். செங்கம்மா பால் கொண்டுவந்தாளே, மறந்துவிட்டீர்களா?"

"அப்போ நீங்க தேவை இல்லை என்று சொல்லணும் என்று சொல்லிக்கொடுத்தீங்க." அந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்தார். "ஆடி மாசம் நீங்க அவசரம் இல்லை சொன்னீங்க. நான் அம்மாகிட்ட... தப்பாகக் கூடாது என்று நல்ல தமிழ்ல..."

"என்ன சொன்னீர்கள்?"

"சார் உங்களை தேவை இல்லை என்று சொன்னார்."

அறையில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "தப்பு சேசானு, தப்பு சேசானு" என்று அழுகிறார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவேன்? பாதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். பால்காரியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னேனே தவிர, தமிழில் நாங்கள் அவசரம் என்றால் என்ன பொருள் என்று ஒரு வரி சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து இரண்டு பாஷைக்கும் நடுவில் இருப்பவன், எனக்குத் தெரியாதா?

தேவை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அவள் புருஷன் சொல்லி அனுப்பியது. அதைக் கேட்டுவிட்டு, சொன்னவருக்கு மோர் கொடுத்திருக்கிறாள்.

நாளைக் காலை முதல் ரயில்.

16-3-1960

போனேன். தாமோதரன் கதவைத் திறந்துவிட்டு வெளியே போய்விட்டான். தாட்சாயணி இளைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பால் கதையையும் சொன்னேன். சிரிக்கக்கூடச் செய்தாள், கொஞ்சம்.

"தேவ இல்லன்னு கேட்டு ஒம்போது நாளு நான் சோறு துன்னல" என்றாள்.

"நான் அப்படிச் சொல்வேனா தாட்சாயணி?"

"சொல்லமாட்ட. நீ சொல்றத நம்புறேன்."

"அப்போ கிளம்பு. இன்றைக்கே போகலாம்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ஆடியில நீ வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். வந்து உன்ன நாலு வார்த்த கேட்டு, அழுது, அட்ச்சிக்கினு எப்பிடியோ உன்கூடவே இருந்திருப்பேன். இப்ப அது போயிட்ச்சி."

"மேடு ஏறிட்டேன். குந்தாம ஏறிட்டேன்." இதைச் சொல்லத்தான் ஒரு வருஷம் உழைத்தேன்.

"பாத்தாலே தெரியுது. மூச்சு நல்லா இருக்குது உனுக்கு." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "அவ மொகம் உன் மொகம். உன்ன பாத்துக்கினு என்னால இருக்க முடியாதுய்யா. நீ இல்லாத எடத்துலதான் எனுக்கு மூச்சு வருது."

வேறு எதற்காவது பதில் சொல்லியிருப்பேன். மூச்சு என்றுவிட்டாள். மூச்சு இல்லாமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? எழுந்துவிட்டேன்.

சாப்பிட்டுப் போ என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

28-3-1960

திருத்தணிப் பக்கம் மாற்றல் வேண்டுமா என்று ஹெட்மாஸ்டர் மறுபடி கேட்டார். அங்கே பண்டிதர் வேலை நிச்சயம், சம்பளமும் குறையாது, சொந்தக்காரர்களும் இருக்கிறார்களே என்றார். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சின்ன வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். அவள் ஊரில் போய் நின்று அவள் காற்றை நான் ஏன் பிடுங்க வேண்டும்?

நாகபூஷணம் தினமும் காலையில் வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். இருவரும் மூச்சுப் பழகுகிறோம்.

10-4-1960

தாமோதரன் கார்டு. "தாட்சாயணிக்குத் தூக்கமே இல்லை. மாப்பிள்ளைக்குத் தூக்கம் வந்த அந்த மூச்சுப் பழக்கத்தை எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்கிறாள்."

இரண்டு கார்டு எழுதிக் கிழித்தேன். வேறு என்னென்னவோ வந்து நுழைந்துவிட்டது. மூன்றாவது இது:

"முதுகை நிமிர்த்தி உட்கார். கண்ணை மூடு. மூக்கால் மெதுவாக இழு, மனசுக்குள் நாலு எண்ணு. பிறகு விடு, எட்டு எண்ணும் வரை விடு. பிடித்து வைக்காதே. இழுப்பதைவிட விடுவதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதலில் கஷ்டமாக இருக்கும். பத்து முறை செய். தூக்கம் வரும்."

கீழே என் பெயரைப் போடவில்லை. கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

மேல்விலாசம் எழுதும்போது பழக்கத்தில் சித்தூர் ஜில்லா என்று எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு, செங்கற்பட்டு ஜில்லா, சென்னை ராஜ்யம் என்று எழுதினேன்.