ஓகே போடாதீங்கக்கா

தம்பி, இன்று காலையில் கணினியைத் திறந்தால், நான் எழுதிய புரோகிராமுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒரே ஒரு ‘ஓகே’ போட்டு வைத்திருந்தாள். நானூறு வரி. நேற்று சரிபார்க்கக் கொடுத்த ஐந்தாவது நிமிடமே போட்டிருக்கிறாள். அலுப்பாக இருந்தது. உன் ஞாபகமும் வந்தது.

நானும் அப்படித்தானே இருந்தேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். தொழிற்சாலை மூடிய பிறகு, நாற்பது வயதில் இலவச வகுப்பில் இதைக் கற்றுக்கொண்டு, பீடோங்கில் உன் மாடி ஆபீசுக்கு வந்தேன். உன் வேலையைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தால் என்ன செய்வேன்? ‘ஓகே’ போட்டுவிட்டு, “முதலாளி எழுதுனா தப்பு வருமா லா” என்று கிண்டலடிப்பேன். நீ சிரிக்காமல் திருப்பி அனுப்புவாய். “ஓகே போடாதீங்கக்கா. புரியாத ஒரு வரியாவது கேளுங்க. அதுலதான் படிக்க முடியும்.”

அப்படித்தான் நீ ரப்பர் எஸ்டேட்டுக்கு எழுதிய வருகைப் பதிவு புரோகிராமைப் பற்றிக் கேட்டேன். “தம்பி, காலையில மழ பேஞ்சா பால்மரம் வெட்டப் போக மாட்டாங்க. இது எல்லாரையும் வரலன்னு போடுதே?” மூன்று தடவை வரவில்லை என்றால் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும் தோட்டம் அது. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வேலை. நீ கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். அன்று டயாலிசிஸ் முடித்து நேராக ஆபீசுக்கு வந்தாய் என்பதை, நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் உன் மனைவி சொன்னாள்.

இன்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். “ஏம்மா, கேக்க ஒன்னுமே இல்லையா?”

“கேட்டா கிண்டல் பண்ணுவீங்கக்கா. போன வாரம், ‘பட்டதாரிக்கு இதுகூட தெரியாதா’ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இப்படியே விட்டால், ஓகே போட்டே காலத்தைத் தள்ளிவிடுவாள். ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, “இப்ப கேளு” என்றேன். பதினேழாம் வரியில் ஆரம்பித்தாள். அவள் பாதி சொல்லும்போதே நான் செய்த தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. இனி சாயங்காலம் வரை திருத்த வேண்டும். நாக்கு நுனியில் அருமையான கிண்டல் ஒன்று வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

கேட்கிறவர் கேட்டு முடிக்கும் வரை பேசாமல் இருப்பது. உன்னிடமிருந்து நான் எடுத்து வந்தது அதுதான் தம்பி. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அவள் அடுத்த வரிக்குப் போனாள்.