பதினோரு ஸ்டார்ட்டர்

12-7-1993, திங்கள்
உலகத்தாருக்கு அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை ஏழு மணிக்கு, திருப்பூர் ராயபுரத்தில், மாரப்பனாகிய எனக்கு மூன்றாவது மீசை முடி முளைத்தது.

பிற செய்திகள்: ஒரு யூனிட் மின்சாரத்துக்காகக் கரி எரித்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு மேலே போய்ப் பூமியைச் சூடாக்குகிறது என்றார் கந்தப்பன் சார். "எந்தத் தராசுல நிறுத்தீங்க சார்?" என்றேன். பெஞ்ச் மேல் ஏற்றினார். மேலே சூடாகத்தான் இருந்தது.

13-7
அப்பாவின் பனியன் கம்பெனியில் நாற்பது டியூப்லைட், ஒரே சுவிட்ச். எல்லோரும் சாப்பிடப் போனாலும் நாற்பதும் காலி ஸ்டூல்களுக்கு வெளிச்சம் காட்டுகின்றன. அப்பாவிடம் சொன்னேன். "அதா பெரிய விஷயம்? போயிப் படி கண்ணு."

பூமியைக் காக்க ஆளில்லை. நான் இருக்கிறேன்.

15-7
சாப்பாட்டு நேரத்தில் பதினோரு விளக்கின் ஸ்டார்ட்டரைத் திருகி என் டிபன் பாக்ஸில் போட்டேன். எரியும் விளக்கு அணையாது, நாளைக் காலைதான் எரியாது. டியூப் போய்விட்டது என்று நினைப்பார்கள். எலக்ட்ரீசியன் சின்னான் வரப் பத்து நாளாகும். என்னே என் மூளை!

17-7
மீட்டர் பார்த்தேன். நாளுக்கு ஐந்து யூனிட் குறைவு. வானமே, வணக்கம் சொல்லு.

21-7
செக்கிங் மேசை கருத்தம்மா அக்கா – தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்ப்பவர், ராமநாதபுரத்துக்காரர் – நிறைய ஓட்டைகளை விட்டுவிட்டாராம். சரக்கு வாங்கும் வீரபாண்டிக்காரர்கள் எழுபது பனியனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஏனுங்க கருத்தம்மா, பார்வை தெரியலீங்களா?" என்றார் அப்பா.

"தெரியலங்கய்யா. எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் கண்ணு போச்சு. சனிக்கிழமையோட நின்னுக்கிறேன்."

என் பைக்குள் டிபன் பாக்ஸ் கடகடத்தது.

22-7
சாப்பாடு இறங்கவில்லை. சரி, மூன்று இட்லி.

அந்த மேசைக்கு மேலே இரண்டு விளக்கு. இரண்டுமே நான் கழற்றியவை. யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடலாமா? மாட்டினாலும், அக்கா தன் கண்ணை நம்புவாங்களா?

23-7
சொல்லிட்டேன்.

"வெளிச்சத்தத் திருடிப்போட்டு அந்தம்மா கண்ணு மேல பழி போட்டயேடா!" – அப்பா. முதுகு இன்னும் எரிகிறது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! மாரியாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் நேந்திருக்கேன்டா. நீதான் வாங்கித் தரணும்." பிறகு நாற்பதையும் அண்ணாந்து பார்த்தார். "ஏங்கய்யா, வெளக்குக்கு ஒரு கயிறு கட்டிக் குடுங்க. எந்திரிச்சுப் போறவுக இழுத்து அணைச்சிட்டுப் போவோம்ல?"

அப்பாவும் அண்ணாந்து நாற்பதையும் எண்ணினார். "செய்யலாமுங்க" என்றார்.

1-8, ஞாயிறு
சின்னான் ஒவ்வொரு விளக்குக்கும் இழுப்பு சுவிட்ச் வைத்தார். கயிறு, பனியன் வேஸ்ட் துணி. முறுக்கியது நான். நாற்பது கயிறு. தண்டனையாம்.

20-8
நாளுக்கு ஆறு யூனிட் குறைவு. ஓட்டைப் பனியன் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மீட்டர் கணக்கைப் பார்த்துக் கந்தப்பன் சார் வகுப்பையே எனக்குக் கைதட்ட வைத்தார். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? திங்கள்கிழமை எழுந்து நின்று சொல்லிவிடுவேன்: யோசனை கருத்தம்மா அக்காவுடையது. பூமிக்காக நான் செய்தது பதினோரு திருட்டு.

மாலையில் கண்மலரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா தன் விளக்கின் கயிற்றை இழுத்தார், என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"முடி ரெண்டுதாம்ப்பா. மூணாவது பென்சில் கோடு."

கண் நன்றாகவே தெரிகிறது.