வரைபடத்துக்கு எந்தப் பாஷை

கொழும்பு,
ஆவணி 2005

தனலெட்சுமி அப்பாவுக்கு,

நம் மகள் பள்ளிக்கூடத்தில் உப அதிபராகிவிட்டாள். பேத்திக்கு எல்லாப் பாடத்திலும் ஏ. பேரன் சுகிர்தன் கம்பியூட்டர் இஞ்சினியர்; தோட்டத்துக் கங்காணியிடமும் சொல்லுங்கள். உங்கள் நெஞ்சுவலி எப்படி?

அன்று உங்களை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ், பெயர் குழம்பி வேறு தோட்டத்துக்குப் போனதல்லவா? அதைக் கேட்டுத்தான் சுகிர்தன், லயத்து வீடுகளுக்கு வழிகாட்டும் வரைபடத்தைக் கம்பியூட்டரில் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப்போகிறானாம். தோட்டத்தின் இங்கிலீஸ் பெயரும் நம் சனம் சொல்லும் பெயரும் அதில் இருக்குமாம்.

ஆனால் அதை எந்தக் கம்பியூட்டர் பாஷையில் எழுதுவதென்று கூட்டாளியோடு ஓயாத சண்டை. இவன் பைத்தன் லேசு என்கிறான், அவன் ஜாவாதான் பலம் என்கிறான். நான் ஆக்கிவைத்த சோறு ஆறிப்போகிறது.

"எந்தக் கருமத்துலயாவது எழுதுங்கடா! தாத்தாவுக்கு மறுபடி வலி வந்தா, நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கத்திவிட்டேன்.

"கோவிக்காதீங்க அம்மாயி, இன்னும் ஒரே ஒரு விசயந்தான்," என்று மறுபடி தொடங்கினார்கள்!

ஒருவழியாக நேற்றுப் பைத்தன் என்று முடிவானது. உடனே, லயத்துக்குத் திரும்புகிற முடக்கு எப்படி இருக்கும் என்று என்னைக் குடைகிறான். அந்த முடக்கைப் புதிதாகப் போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். நீங்களும் அதில் நில்லுங்கள். அவனுக்கு முடக்கு மட்டும் போதும்.