விற்றுப்போகாத பைக்

என் சண்டிராணிக்கு,

தோளில் போட்ட கட்டை நாளைக்குப் பிரிக்கிறார்களாமே, அத்தை சொன்னார். சந்தோஷம்.

நீ பார்த்து வைத்த பழைய மோட்டோகிராஸ் ரேஸ் பைக் விற்றுப்போய்விட்டது என்று சொன்னேன் இல்லையா? அது பொய். போன வாரம் மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தேன். நொறுங்கிப்போன உன் பைக்குக்குப் பதிலாக, நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கும் நல்ல வண்டி அது ஒன்றுதான். சேஸியில் ஒரு கீறலாவது இருக்காதா என்று குனிந்து குனிந்து தேடினேன். இல்லை.

"வண்டி கல்லு மாதிரி இருக்கு. உங்க மூஞ்சி ஏண்ணே இப்படிப் போகுது?" என்றார் மெக்கானிக். அப்புறம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று ரேஸில் மண்மேட்டிலிருந்து விழுந்து கிடந்த நீ கையை அசைக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. இப்போதும் பக்கத்துக் கடையில் ஷட்டரை இறக்கினால் எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது.

ஆனால் போனில், "சரி விடுங்க, இனிமே பைக்கே வேண்டாம்" என்றாயே, அது உன் குரல் மாதிரியே இல்லை. அதற்கு இன்னும் அதிகமாகப் பயந்துவிட்டேன். இன்று காலை போய் முன்பணம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வண்டி வரும்.

நீ ஓட்டு. ரேஸ் நடக்கும்போது வேலியோரம் மட்டும் என்னைத் தேடாதே. பைக் ஏற்றி வரும் வேனுக்குள் உட்கார்ந்திருப்பேன். ரேஸ் முடிந்ததும் நீயே வந்து கதவைத் தட்டு.

உன் பயந்தாங்கொள்ளி