எட்டாம் தறி ஒன்றுக்கு எதிரில்

பிப்ரவரி 4, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைக் கூட்டம். மலைக் கோயிலுக்குப் போகிற வண்டிகளில் தெருவே அடைத்துக்கொண்டது. வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு காய் வாங்கி வரும்போது போனில் பார்த்தேன். அம்பத்தூர் கம்பெனியிலிருந்து மெயில்! மெஷின்களுக்குத் தொடுதிரை செய்கிறவர்கள். க்யூ.எம்.எல். என்கிற கணினி மொழியில் சின்னதாக ஒரு திரை எழுதி, 14-ம் தேதி வீடியோவில் காட்ட வேண்டுமாம். எதைப் பற்றி வேண்டுமானாலும்.

பத்து நாள். அந்த மொழியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வள்ளி பிறந்ததிலிருந்து மூன்று வருஷம் வேலை இல்லை. இதற்கு முன் இரண்டு இடத்தில் அதைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டார்கள். இதுவும் போனால் மறுபடி எங்கேயும் கேட்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

அரக்கோணம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஆர்.கே.பேட்டைல அக்கா கொட்டாயில எட்டு தறி ஓடுது. அதையே எழுதேன்."

பிப்ரவரி 6, வியாழன்

வள்ளி தூங்கிய பிறகு படித்தது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் பொருளின் பெயர். பிறகு வளைந்த அடைப்பைத் திற. உள்ளே அதன் குணங்கள்: அகலம், உயரம், நிறம். ஒவ்வொன்றுக்கும் முக்காற்புள்ளி வைத்து மதிப்பு. அடைப்பை மூடு. அதற்குள்ளேயே இன்னொரு பொருளை வைக்கலாம். அப்போது வெளியே இருப்பது அதற்குத் தாய்.

width: parent.width / 2

தாயின் அகலத்தில் பாதி. ஒருமுறை சொன்னால் போதும். தாய் விரிந்தால் இதுவும் தானே விரியும். கல்லூரியில் படித்ததெல்லாம் கட்டளை: இதைச் செய், அப்புறம் அதைச் செய். இங்கே எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் யாராவது இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 8, சனி

அழுதேன். உண்மையாகவே.

எட்டுக் கட்டம், எட்டுத் தறி. ஓடினால் பச்சை, தொட்டால் சிவப்பு, நின்றுவிட்டது என்று அர்த்தம். மேலே, ஓடுகிற தறி எத்தனை என்ற எண். முதல் தறியைத் தொட்டேன், எட்டு ஏழானது. அடுத்ததைத் தொட்டால் கட்டம் சிவக்கிறது, எண் மட்டும் ஏழிலேயே நிற்கிறது. இன்னா தப்பு பண்ணேன்? மத்தியானம் முழுக்க இதே. குக்கரில் தண்ணீர் வைக்க மறந்து பருப்பு தீய்ந்தது.

சாயங்காலம்தான் புரிந்தது. பச்சைக் கட்டங்களை எண்ணிச் சொல் என்று மேலேயே எழுதிவிட்டு, முதல் தறியைத் தொடும்போது ஏழு என்று போடு என நானே தனியாக ஒரு கட்டளையும் கொடுத்திருக்கிறேன். கையால் ஒருமுறை போட்டதோடு எண்ணுகிற வேலையை அது விட்டுவிட்டது. நம்பாமல் நடுவில் கை வைத்தது நான்தான். அந்த ஒரு வரியை எடுத்தேன். ஏழு, ஆறு, ஐந்து. தானே இறங்கியது!

பிப்ரவரி 9, ஞாயிறு

டவுன் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை. விசைத்தறிக் கொட்டகைச் சத்தத்தில் பேச முடியாது. இவருடைய அக்கா, அம்சா அண்ணி, வெளியே வந்து, எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். பெருமையாகக் காட்டினேன்: ஒன்றிலிருந்து எட்டு வரை, இடமிருந்து வலம், அழகான ஒரே வரிசை.

"இன்னா கல்பனா இது? என் தறி எல்லாம் சாமி பாக்கவா வந்துகீது, தர்ம தரிசன கியூவாட்டம் நிக்குது?"

உள்ளே இழுத்துக்கொண்டு போனார். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு, நடுவில் சந்து. எண் போட்டவர் ஒரு பக்கமாகப் போய் மறு பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறார். எட்டு, ஒன்றுக்கு எதிரில். ஐந்து, நான்குக்கு எதிரில்.

காதோடு வாயை வைத்துக் கத்தினார்: "நான் நடுவால நின்னுகினு இப்டி ஒரு வாட்டி திரும்புவேன், அப்டி ஒரு வாட்டி திரும்புவேன். உன் பொட்டியில நான் எங்க நிக்கிறேன், சொல்லு."

நானும் சந்தின் நடுவில் நின்று இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. இருந்தாலும் சரிதான்.

பிப்ரவரி 12, புதன்

இப்போது எந்தத் தறிக்கும் தனி இடம் இல்லை. பக்கத்துத் தறியைத்தான் இடமாகச் சொல்லியிருக்கிறேன்: இரண்டு, ஒன்றை ஒட்டி. எட்டு, சந்துக்கு அந்தப் பக்கம், ஒன்றுக்கு நேராக. ஒவ்வொன்றின் உயரமும் கொட்டகை உயரத்தில் நான்கில் ஒரு பங்கு. லேப்டாப்பில் அந்த ஜன்னலைச் சுருக்கினால் மொத்தக் கொட்டகையும் சேர்ந்து சுருங்குகிறது. பத்து தடவை சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி.

பிப்ரவரி 14, வெள்ளி

இவர் லீவு போட்டு வள்ளியை வெளியே கூட்டிப் போனார். திரையில் மூன்று பேர். கேள்வி கேட்டது பானுப்ரியா மேடம்.

வேலையில் மூன்று வருஷ இடைவெளியைப் பற்றிக் கேட்டார். குழந்தை வளர்த்தேன் என்றேன். குரல் நடுங்கியது. தலையசைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். எட்டு ஏன் ஒன்றுக்கு எதிரில் இருக்கிறது, தப்பாக வந்துவிட்டதா என்றார்.

"இல்ல மேடம். நெய்றவங்க நடுவுல நிக்கிறாங்க. அவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

அதற்கப்புறம் குரல் நடுங்கவில்லை. எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

இன்னும் இரண்டு தறி வாங்கினால் என்ன செய்வீர்கள், இப்போதே காட்டுங்கள் என்றார். ஒன்பதை நான்கை ஒட்டி, பத்தை ஐந்தை ஒட்டி வைத்தேன். உயரத்தை நான்கில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்காக்கினேன். சேமித்தேன். மற்ற எட்டும் தானே நகர்ந்து இடம் விட்டன. மேலே எண் பத்தானது. நான் அதைத் தொடவே இல்லை.

மூன்று பேரில் யாரோ "அட" என்றார்கள்.

பிப்ரவரி 19, புதன்

வேலை கிடைத்துவிட்டது! வாரத்தில் இரண்டு நாள் அம்பத்தூர், மூன்று நாள் வீட்டிலிருந்து. அண்ணிக்குப் போன் செய்தேன். "ஆங், கிடைக்காம எங்க போவும்" என்று வைத்துவிட்டார். தறி ஏதாவது நின்றிருக்கும், ஓடியிருப்பார்.

மார்ச் 3, திங்கள்

முதல்முறையாகக் காலையில் எழுதுகிறேன், அம்பத்தூருக்கு ஓடுகிற ரயிலில். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. வள்ளி பிளே ஸ்கூல் வாசலில் அழவில்லை, நான்தான் கொஞ்சம்.

அரக்கோணம் வந்தது. இவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.