உள்ளங்கை என் பக்கம்

அக்காவுக்கு,

அத்தானின் சட்டைகளைத் தேய்த்து மடித்து, நேற்று மாலை உன் வீட்டு வாசல் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பாய்.

எதிரே நின்று ஒருவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்ய எனக்கு வராது. அது முதலில் புரிந்தது உனக்குத்தான். சின்ன வயதில் நான் உள்ளங்கையை என் பக்கம் திருப்பி டாட்டா காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் எனக்குப் பின்னால் வந்து நின்று, என் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாய். சலவைக்கடையில் வேலை கிடைத்தபோது சட்டை மடிக்கவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாய். "பின்னாடி நான் இருக்கேன்டி, பயப்படாதே" என்பாய்.

நேற்று உன் ஜன்னல் திறந்திருந்தது. நீ அதற்கு முதுகைக் காட்டி நின்று, உன் ஆபீஸ் தோழிகளுக்கு என்னை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். குதிகால் தரையில் படாத நடை, விலாவோடு ஒட்டிய முழங்கை, கடைசியில் அந்த டாட்டா. உன் உள்ளங்கை எனக்கு நேராகத் தெரிந்தது.

"ஐயோ, இன்னொரு தடவை செய்டி!" என்றாள் ஒருத்தி. செய்தாய்.

குறையே சொல்ல முடியாது அக்கா, அச்சு அசல் நானேதான். முப்பது வருஷமாக நீ என்னை உற்றுப் பார்த்ததையெல்லாம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் சட்டைகளை வேறு கடையில் கொடு. தெருவில் பார்த்தால் கையசைப்பேன். உள்ளங்கை என் பக்கம்தான் இருக்கும், திருப்பிவிட வராதே.

இப்படிக்கு,
நேற்று உனக்குப் பின்னாடி நின்ற
தங்கை