பின் சீட்டின் எடை

1979, பிப்ரவரி. ஞாயிறு.

சலீம் இறந்துபோன பிறகு இன்றுதான் முதல் தடவையாகத் தனியே பறந்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய வண்டி. ஸ்கூட்டர் எஞ்சின், மூன்று சக்கரம், தலைக்கு மேல் அவன் தையல் கடையிலேயே தைத்த இறக்கை.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. கொட்டிவாக்கம் கரையில் இறங்கும்போது, எஞ்சினைக் குறைத்த பிறகும் வண்டி மணலைத் தொடாமல் மிதந்துகொண்டே போனது. கட்டுமரங்களில் மோதாமல் நின்றது என் சாமர்த்தியம் அல்ல.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஓடி வந்தார். "இன்னா சார், பின்னாடி ஆளு இல்லாங்காட்டி வண்டி லேசா கீது, எப்டி குந்தும்? மண்ணு மூட்டையாவது கட்டிக்கினு போ சார்."

அப்போதுதான் உறைத்தது. கடைசி மூன்று மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் இறங்கினோம். நான் காற்றைத் திட்டினேன். அவனும் பின் சீட்டிலிருந்து, "ஆமா மச்சி, காத்துதான்" என்றான்.

என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இளைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வண்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. முகம் வாடியிருக்கிறதே என்றால் தூக்கமில்லை என்பான், நானும் விட்டுவிடுவேன். சட்டை தொளதொளவென்று தொங்கியிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பேன்.

ஆனால் அவன் தையல்காரன். ஒவ்வொரு சட்டையாகப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கடைசி ஞாயிறு வரை எல்லாச் சட்டையும் அவனுக்கு அளவாகவே இருந்தது.